பூட்டிய காற்றுச் செய்தி

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவருக்குக் கம்பியில்லாத் தொடர்பு கற்றுக்கொடுத்த சபூரா அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் பொன்னுரங்கம் அவரை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். சபூரா அவரை "அண்ணாச்சி" என்பார்.

அவர்களுடைய நிலையம் கடற்கரையில் இருந்தது. காற்று வலுக்கும் என்று தெரிந்தால், அங்கிருந்து எல்லாப் படகுகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகும். படகிலுள்ள சின்னக் கருவியில் எழுத்துகள் ஓடும்.

போன மாதம் யாரோ பொய்ச் செய்தி அனுப்பிவிட்டார்கள். புயல் என்று நம்பி, வலைகளை அறுத்துப் போட்டுவிட்டுப் படகுகள் ஓடி வந்தன. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்றே பொன்னுரங்கம் செய்திக்குப் பூட்டுப் போட்டார். முழுச் செய்தியும் குறியெழுத்தாக மாறிப் போனது; படகிலுள்ள கருவிதான் அதைத் திறந்து காட்டும். பூட்டில்லாமல் வருவதை நம்ப வேண்டாம் என்று படகுக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார். ஆனால் பூட்டிய செய்தி நீளமானது. வரும் வழியில் ஒரு துண்டு விட்டுப்போனாலும் திறக்காது, முதலிலிருந்து வர வேண்டும். சென்ற வாரம் அப்படிக் காத்திருந்த ஒரு படகு கவிழ்ந்துவிட்டது. ஆட்கள் பிழைத்ததே பெரிய காரியம்.

"வேகமா அனுப்பினா எவன் வேணா உள்ள புகுந்துடுறான். பூட்டினா போய்ச் சேர மாட்டேங்குது. நான் எதை விடட்டும் டீச்சர்?"

"நாளைக்குக் கடலுக்குப் போவோம்" என்றார் சபூரா.

மறுநாள் மீனவர் ரொசாரியோவின் படகில் போனார்கள். அவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது கருவியில் விளக்கு மினுக்கியது. பூட்டிய செய்தி வரத் தொடங்கி, பாதியில் அறுந்தது. மறுபடி தொடங்கியது. மறுபடி அறுந்தது.

பிறகு சட்டென்று எழுத்துகள் ஓடின. 'காற்று வலுக்கிறது. உடனே கரை திரும்பவும்.'

அது பூட்டில்லாத செய்தி.

"இது உங்க ஆபீஸ் அனுப்பினதா அண்ணாச்சி?" என்று கேட்டார் ரொசாரியோ.

பொன்னுரங்கம் கருவியை உற்றுப் பார்த்தார். பூட்டாமல் எதையும் அனுப்பக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. அப்படியானால் இது அந்தப் பொய்யனின் வேலை. ஆனால் பூட்டிய செய்தியும் ஏதோ சொல்ல வந்ததே?

"டீச்சர், இது நம்மளுதா?"

"நீங்கதானே அண்ணாச்சி அனுப்புறவரு."

தன் நிலையத்தின் செய்தியா இல்லையா என்று பொன்னுரங்கத்துக்கே தெரியவில்லை. ரொசாரியோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து வலையை இழுத்தார்.

அப்போது பின்னால் எங்கோ ஒரு படகிலிருந்து கத்தல் வந்தது.

"ரொசாரியோ, கெளம்புடா. தெக்க கருக்குது."

ரொசாரியோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலையை அப்படியே உள்ளே வாரிப் போட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்.

"யாரு அது?" என்றார் பொன்னுரங்கம்.

"என் மச்சான் சிலுவை."

கரையேறும்போது காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கடைசிப் படகும் வந்து சேரும்வரை இருவரும் நின்றார்கள்.

"அந்தச் செய்தி நம்மளுதுதான்" என்றார் சபூரா. "காத்து மாறினா பூட்டியும் அனுப்புங்க, பூட்டாமலும் அனுப்புங்கன்னு நிலையத்துல இருக்கறவங்ககிட்ட நான்தான் சொல்லிட்டு வந்தேன்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொல்ல வாயெடுத்தேன். சிலுவை முந்திக்கிட்டாரு."

பொன்னுரங்கம் மணலைத் தட்டிக்கொண்டார்.

"சிலுவை கூப்பிட்டது எந்தப் படகுக்குக் கேட்டுது?" என்று கேட்டார் சபூரா.

"சுத்தி இருந்த எல்லாத்துக்கும்."

"ரொசாரியோ திரும்பிப் பார்த்தாரா?"

"இல்ல. முதுகு காட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு."

"பின்ன எப்படி நம்பினாரு?"

"மச்சான் குரல் தெரியாமலா இருக்கும்?"

சொல்லிவிட்டுப் பொன்னுரங்கம் குழம்பினார். "அப்போ பூட்டு வேண்டாங்கறீங்களா?"

"காத்து அடிக்கப்போகுதுங்கிறதை யாருகிட்ட மறைக்கணும்?"



"கழட்டிட்டா அந்தப் பொய்யன் மறுபடி வருவானே, டீச்சர்."

"வருவான். கேட்டதும் நம்மளுதுன்னு தெரியற மாதிரி நம்ம செய்திக்கு இன்னும் குரலே இல்லையே, அண்ணாச்சி."