வெள்ளெலி வீட்டு மேற்குச் சன்னல்

செம்மணல் மேடும் பனைமரமுமாக ஒரு தேரிக் காடு. அந்தக் காட்டில் ஒரு வெள்ளெலி களிமண் பிசைந்துகொண்டிருந்தது. மிதித்தது, காய்ந்த புல்லைப் பல்லால் நறுக்கிப் போட்டது, மறுபடியும் மிதித்தது. எல்லாம் சன்னல் அடைக்கத்தான்.

ஆடி பிறந்துவிட்டால் அந்தக் காட்டில் மேற்கிலிருந்து காற்று வரும். சும்மா வராது, மேட்டு மணலை எல்லாம் வாரிக்கொண்டு வரும். வெள்ளெலியின் வளைக்குக் கிழக்கே ஒரு வாசல். மேற்கே ஒரு சன்னல், தெற்கே ஒரு சன்னல். வெயில் காலத்தில் குளுகுளு என்று இருக்கும். யாராவது வாசலில் வந்து நின்றால் சன்னல் வழியாக ஓடிவிடவும் செய்யலாம். ஆனால் ஆடியில் சன்னலைத் திறந்து வைத்தால் மணல் வந்து வளையே மூடிப்போகும்.

அதனால் அங்குள்ள எலிகள் எல்லாம் ஆனிக் கடைசியிலேயே சன்னலை அடைத்துவிடும். உள்ளே இருந்தபடிதான் அடைக்கும். மூச்சுக் காற்றுக்காக ஒரு புல் நுழைகிற அளவுக்குத் துளையும் விடும்.

இந்த வெள்ளெலிக்கு அந்த வருஷம் ஐந்து குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை. ஒரு பிடி மண் பிசைவதற்குள் ஒன்று கத்தும். அதற்குப் பால் கொடுத்துவிட்டு வந்தால் பிசைந்த மண் காய்ந்துபோயிருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஒரு நரி வந்தது.

"என்ன தங்கச்சி, கைப்பிள்ளைகளை வச்சுக்கிட்டு இந்தப் பாடு படுறே? நீ உள்ளே இரு. வெளியே இருந்து நான் அடைச்சுத் தாரேன்" என்றது.

வெள்ளெலிக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம். யார் எதைச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படும். அதனால் தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்" என்று மட்டும் சொன்னது.

"சிரமம் என்ன சிரமம்?" என்றது நரி. உடனே உடைமரத்து முள்ளை இழுத்து வந்து இரண்டு சன்னலிலும் திணித்தது. மேலே ஈரக் களிமண்ணை அப்பி, வாலால் தடவியும் விட்டது. துளை எதுவும் விடவில்லை.

புதருக்கடியில் குடியிருந்த கௌதாரி இதைப் பார்த்தது. கௌதாரி மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லும். நரி போனதும் வந்து, நரிக்கு உன் சன்னலில் என்ன வேலை என்று கேட்டது. நீ நல்லா இருக்கணும் என்று நினைக்கிற ஆள்தான் அது என்று கேலியும் பேசியது.

"முகத்துக்கு நேரே எப்படி மதினி வேண்டாம்னு சொல்றது?" என்றது வெள்ளெலி.

"அப்போ அது உன்னைத் தின்ன வந்தா, உப்பு போதுமா அண்ணேன்னு கேட்பியோ?" என்றது கௌதாரி.

வெள்ளெலி குட்டிகளுக்குப் பால் கொடுக்க உள்ளே போய்விட்டது.

ஆடி இரண்டாம் நாள் மத்தியானம் காற்று வந்துவிட்டது. வானம் முழுவதும் செக்கச்செவேல் என்று ஆனது. பனையோலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. வளைக்குள் ஒரு பொட்டு மணல்கூட வரவில்லை. பரவாயில்லையே, நரி நன்றாகத்தான் அடைத்திருக்கிறது என்று வெள்ளெலி நினைத்தது.

அப்போது வாசலில் இருந்த வெளிச்சம் மறைந்தது. அங்கே ஒரு மூக்கு தெரிந்தது.

"தங்கச்சி, பிள்ளைகள் சுகமா?" என்றது நரி. "களிமண் நல்லாக் காயட்டும்னுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. மெதுவா வா. வேற வழிதான் கிடையாதே."

சொல்லிக்கொண்டே முன்னங்காலால் வாசலைத் தோண்டியது. தேரி மணல் எவ்வளவு லேசு என்று உங்களுக்குத் தெரியாதா? நாலு தரம் பறித்ததுமே அதன் தலை உள்ளே வர இடம் ஆகிவிட்டது. வளைக்குள் புழுக்கம் கூடியது. குட்டிகள் வாயைத் திறந்து திறந்து மூடின.

வெள்ளெலி தெற்குச் சன்னலைத் தட்டிப் பார்த்தது. இறுகிப்போயிருந்தது. அப்படியே உடைத்தாலும் ஐந்து குட்டிகளையும் வாயில் கவ்விக்கொண்டு எத்தனை நடை போவது? ஒரு நடை முடிவதற்குள் நரி உள்ளே வந்துவிடும். வெள்ளெலி மேற்குச் சன்னலைப் பார்த்தது. அந்தப் பக்கம் காற்று சுவரில் முட்டி முட்டி உறுமியது.

வெள்ளெலி சற்று யோசித்தது. பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தானியம் வைக்கிற பக்கத்து அறையில் போட்டது. அந்த அறை வாயை உமியால் மூடியது.

பிறகு எப்போதும் போலக் கூச்சத்தோடு சொன்னது. "அண்ணே, நீங்க இவ்வளவு தூரம் வந்ததுக்கு நானே பிள்ளைகளை அனுப்பி வைக்கிறேன். சின்னப் பிள்ளைங்க, கண்ணு தெரியாது. நீங்க தலையை நல்லா உள்ளே நீட்டி, கண்ணைத் திறந்து பார்த்துக்கோங்க. வாயையும் திறந்து வச்சுக்கோங்க."

நரிக்குச் சந்தேகமே வரவில்லை. யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத எலிதானே! கழுத்து வரை தலையைத் திணித்து, கண்ணை விழித்து, வாயைப் பிளந்தது.

வெள்ளெலி மேற்குச் சன்னலுக்கு ஓடியது. களிமண்ணைக் கடித்தது. உள்ளே இருந்த முள் உதட்டில் குத்தியது. ரத்தம் வந்தது. அது விடாமல் கடித்தது. கடைசிக் கட்டி அசைந்ததும் சட்டென்று சுவர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

காற்று அடைப்பைப் பிய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மேற்கே நுழைந்த காற்றுக்கு வெளியே போகக் கிழக்கு வாசல் ஒன்றுதான் வழி. அங்கே நரியின் முகம் இருந்தது. காட்டு மணல், முள், களிமண் எல்லாம் அதன் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் போய் இறங்கின. நரி தலையை உருவிக்கொண்டு, கண் தெரியாமல் பனைமரத்தில் முட்டி, இருமிக்கொண்டே மேட்டிலிருந்து உருண்டது. பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

அதற்குள் வெள்ளெலியின் முழங்கால் வரை மணல் ஏறிவிட்டது. மீதம் வைத்திருந்த களிமண்ணைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, உள்ளே இருந்தபடியே சன்னலை அடைத்தது. ஒரு புல் நுழைகிற துளை விட்டது. பக்கத்து அறை உமியை விலக்கிக் குட்டிகளை எண்ணியது. ஐந்தும் இருந்தன.

காற்று ஓய்ந்த மறுநாள் கௌதாரி வந்தது. வளைக்கு வெளியே கிடந்த மணலையும் நரி முடியையும் பார்த்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொல்லி உட்கார்ந்துகொண்டது. வெள்ளெலி வெட்கத்தோடு வாசலுக்கு வந்தது.

"அது ஒண்ணும் இல்லை மதினி, அந்த மேற்குச் சன்னலை நான் போய்..."

உள்ளே ஒரு குட்டி கத்தியது. வெள்ளெலி போய்விட்டது.

நீதி: உன் வீட்டைப் பூட்ட யார் உதவிக்கு வந்தாலும், திறக்கிற வழி உன்னிடம் இருக்கட்டும்.