வேருக்கு எட்டாத எலும்புத் தூள்

மலையடிவாரக் காட்டில் தும்பை என்ற முயலும் கோரன் என்ற முள்ளம்பன்றியும் பக்கத்துப் பக்கத்து வளைகளில் வாழ்ந்தன. இரண்டும் சேர்ந்து ஓடைக்கரையில் கோதுமை பயிரிட்டு வந்தன.

போன வருஷம் விளைச்சல் மோசம். பயிர் குட்டையாகவே நின்றது. இலைகள் ஊதா நிறமாயின. கதிரில் பாதி பதர்! இந்த வருஷமோ தும்பைக்கு ஐந்து குட்டிகள். குளிர்காலத்தை எப்படித் தாண்டுவது என்று அது கவலைப்பட்டது.

"மண்ணில் வேரையும் கதிரையும் தேற்றும் மணிச்சத்து இல்லை, தங்கச்சி!" என்றது கோரன். "நான் கொறித்த எலும்புகளை இடித்துத் தூளாக்கி வைத்திருக்கிறேன். அந்தச் சத்து அதில் நிறைய இருக்கு. பள்ளம் தோண்டி, தூளைப் போட்டு, அதன்மேல் விதைக்கணும்."

"மேலே தூவினால் ஆகாதா, அண்ணே?"

"ஆகாது! அது மண்ணுக்குள் சீக்கிரம் இறங்காது. இளவேருக்குப் பக்கத்திலேயே இருக்கணும்."

வயலின் மேல் பாதியைக் கோரன் எடுத்துக்கொண்டது. கீழ்ப் பாதி தும்பைக்கு. கோரன் நிதானமாகத் தோண்டியது. தும்பைக்கோ நாலு பள்ளத்திலேயே கால் வலித்துவிட்டது. வளையில் குட்டிகள் பசியோடு காத்திருக்குமே என்ற நினைப்பு வேறு. விதையை மட்டும் மளமளவென்று ஊன்றிவிட்டு, தூளைப் புதரில் ஒளித்து வைத்தது.

"முடிந்ததா, தங்கச்சி?"

"முடிந்தது, அண்ணே!" என்று பொய் சொல்லிவிட்டு ஓடியது.

ஒரு மாதம் போனது. மேல் பாதியில் பயிர் தூர் வெடித்து, கொத்துக் கொத்தாக நின்றது. கீழ்ப் பாதியில் ஒற்றை ஒற்றையாய், சோகை பிடித்தாற்போல் நின்றது. தும்பை பதறிப் போனது. கோரன் இல்லாத நேரம் பார்த்து, ஒளித்த தூளையெல்லாம் பயிர்மேல் அள்ளித் தூவியது. மறுநாள் மழை பெய்தது. பாதித் தூள் ஓடையோடு போனது. மீதி மண்ணின் மேலேயே கிடந்தது.

மேல் பாதி முன்னதாகவே முற்றி, கதிர் கனத்துச் சாய்ந்தது. கீழ்ப் பாதியில் விளைந்தது ஐந்து குட்டிகளுக்கு ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.

தும்பையால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "அண்ணே, கால் வலித்ததால் நான் விதைக்கும்போது தூள் போடவே இல்லை! உன்னிடம் பொய் சொன்னேன்!" என்று அழுதது.

கோரனின் முட்கள் விறைத்து நின்றன. பிறகு முட்கள் மெல்லத் தாழ்ந்தன.

"கால் வலிக்குது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பாதியையும் நானே தோண்டியிருப்பேனே, பைத்தியமே! குட்டிகள் என்ன தப்பு செய்தன? வா, மேல் பாதிக் கதிரை நீ எடுத்துக்கொள். எனக்குக் கிழங்கும் மரப்பட்டையும் போதும்!"

"எல்லாம் வேண்டாம், அண்ணே! பங்கு போட்டுக்கொள்வோம்!" என்று விசும்பியது தும்பை.

அந்தக் குளிரில் ஐந்து குட்டிகளும் கோரன் வளையிலேயே உருண்டு விளையாடின. முட்கள் படாமல் அதன் மூக்கருகே தூங்கவும் பழகிவிட்டன. அடுத்த விதைப்பில் தும்பை ஒவ்வொரு பள்ளமாகத் தோண்டியது. கால் வலித்தபோதெல்லாம், "அண்ணே, கொஞ்சம் கை கொடு!" என்று கூசாமல் கேட்டது.

உரமோ உதவியோ, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் சேர்ந்தால்தான் பலன் தரும். அதற்குச் சோம்பலையும் பொய்யையும் விட்டு, முடியாததை முடியாது என்று உரியவரிடம் சொல்லிவிட வேண்டும்.