கன்னிமூலை நாற்காலி

ரைஸ்மில் குழந்தைவேலுவின் புது வீட்டு ஹால் ‘ட’ எழுத்தைப் போல மடங்கிக் கிடக்கும். அந்த மடிப்பில்தான், சுவரோடு ஒட்டினாற்போல, அவர் நாற்காலி. வாஸ்துக்காரர் சொன்ன கன்னிமூலையாம், அங்குலம் நகரக்கூடாதாம்.

“பாட்டு எனக்குப் பின்னாலிருந்து வரணும். சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வர்றாங்க. அதுக்குள்ள முடியலைன்னா உன் முதலாளிக்கு ஒரு போன்தான், உனக்கு வேலை போயிரும்,” என்றார்.

ஸ்பீக்கர் மாட்ட வந்த பொன்னரசு நாற்காலியைச் சுற்றிப் பார்த்தான். பின்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு. ரோட்டிலா மாட்டுவது? பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் ஹாலின் இரண்டு கோடியிலும் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, நாற்காலியை இருந்த இடத்திலேயே சுவரைப் பார்க்கத் திருப்பினான்.

“உக்காருங்கய்யா. அங்குலம் நகரலைங்க. இப்ப ஹாலே உங்களுக்குப் பின்னாலதானுங்க.”

வைய வாயெடுத்தவர், முதுகுப்புறம் பாட்டு எழும்பியதும் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி தாம்பாளத்தோடு உள்ளே வந்தார். குழந்தைவேலுவின் முதுகைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஏனுங்க சம்பந்தி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க? சீர்ல ஏதாச்சும் குறை வெச்சுட்டமுங்களா?”

குழந்தைவேலு பதறி எழுந்து, நாற்காலியைத் தானே தரதரவென்று ஹாலுக்குள் இழுத்து, சம்பந்தியைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

“அட, சும்மா எடம் பாத்துட்டிருந்தனுங்க,” என்று சம்பந்தியிடம் சிரித்துவிட்டு, பொன்னரசு பக்கம் திரும்பினார். “என்னப்பா பாக்கறே? மூலைதான் காலியா இருக்குதே, எனக்குப் பின்னால ஒண்ணை மாட்டு.”