வடிகால்

மேகம் இறங்கித் தங்கும் உயரத்தில், சோலைக்குள் ஒரு சதுப்பு. அதன் கரையில் குடிசை போட்டிருந்தார் துறவி நாச்சியம்மை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சென்னியப்பன். அம்மையைவிட வயதில் மூத்தவர். அதற்கு முன் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயம் பார்த்தவர்.

அம்மை யாத்திரை போயிருந்தபோது, சதுப்பின் நடுவே நின்ற நாவல் மரம் இலை உதிர்க்கத் தொடங்கியது. மஞ்சள் காட்டில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். சென்னியப்பன் கண்ட பாடம் அது ஒன்றுதான். மரம் போய்விடுமே என்று துடித்துப் போனார். நல்லெண்ணத்தின் கையில் மண்வெட்டியும் கிடைத்துவிட்டால் கேட்கவா வேண்டும்? சரிவுப் பக்கமாக ஆழமாய் ஒரு வடிகால் வெட்டிவிட்டார்.

தண்ணீர் வடிந்தது. கால் வைத்தால் மெத்தையாய்ப் புதையும் பாசி வெளுத்து நொறுங்கியது. இலை முனையில் எப்போதும் துளி நிற்கும் அழுகண்ணிச் செடிகள் துளியின்றிச் சுருண்டன. நாவலாவது பிழைத்ததா என்றால், அதுவும் பட்டுப்போனது. பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான்.

அம்மை திரும்பி வந்ததும் சென்னியப்பன் காலில் விழுந்தார்.

"நாந்தானுங்கம்மா கொன்னுபோட்டேன். வடிகாலை அடைச்சும் பாத்துட்டனுங். மழையும் பேஞ்சுது. காஞ்ச மண்ணு ஒரு சொட்டுக் குடிக்க மாட்டேங்குது. மேலயே ஓடிப்போயிருது."

அம்மை குனிந்து பாசியைத் தொட்டுப் பார்த்தார்.

"திட்டுங்கம்மா."

"திட்டினா ஊறிடுமா?"

அம்மை குடத்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடைக்கு இறங்கினார். மூச்சு வாங்க ஏறி வந்தார். சதுப்பில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் அள்ளி விட்டார். பாதி வழிந்து ஓடியது.

"பொழைச்சுக்குமுங்களா?"

"பொழைக்காது."

"எம் பேரன் காலத்துலயாவது?"

"இந்தப் பாசி சேர எத்தனை தலைமுறை ஆச்சோ, யார் கண்டா? அதுக்குள்ள காடே இருக்குமோ என்னவோ."

சென்னியப்பனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அம்மை மறுபடி குடத்தை எடுத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் கதறினார்.

"பொழைக்காததுக்கு எதுக்குங்கம்மா தண்ணி?"

"தவிக்குதே, சென்னியப்பன்."