மேலே மிதந்து வராத பாசி

ஒரகடம் போகும் சாலையில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை இருந்தது. அதன் சமையல்கட்டின் மேல்தட்டில், பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில், ஒரு கடற்பாசியும் ஒரு மாசிக் கருவாடும் குடியிருந்தன.

பாசி கறுப்பாக, அகலமாக, காய்ந்த தோல் வார் மாதிரி இருக்கும். மேலே வெள்ளையாக ஒரு மாவு படிந்திருக்கும். ருசியே அதில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பூஞ்சை என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்தவர்தான் சமையல்காரர் சகாயம் மாஸ்டர். மாசியோ மரக்கட்டை போல இறுகியது; சீவினால் இளஞ்சிவப்பாகச் சுருள் சுருளாக விழும்.

தினமும் காலையில் மாஸ்டர் பாசியில் ஒரு சாண் வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போடுவார். மூன்று மணி நேரம் ஊறும். பிறகு சிறு தீ. தண்ணீர் கொதிக்கப் போகும் நேரத்தில் பாசி தானாகவே மேலே மிதந்து வரும். 'போதும், என்னை எடு' என்று அர்த்தம். மாஸ்டர் இடுக்கியால் எடுத்து ஓரமாக வைப்பார். அதற்கப்புறம் மாசிச் சீவல் உள்ளே விழும், இரண்டு நிமிடம் இருக்கும், வடிகட்டப்படும். கடையின் எல்லா சூப்புக்கும் அந்தத் தண்ணீர்தான் அடிப்படை.

வாசல் பலகையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'மாசி மீன் சூப்'. பக்கத்தில் துள்ளும் மீன் படம் வேறு.

"மூணு மணி நேரம் ஊறுறது நான். ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்க்கிறது நீ. பலகையில மட்டும் நீ!" என்றது பாசி. வெட்டிய துண்டு பானையில் இருந்தாலும், மிச்சம் டப்பாவில் இருந்து பேசும். துண்டானாலும் அது ஒரே பாசிதான்.

"நான் உள்ளே போனா வாசனை தெருவரைக்கும் வருது. நீ போனா என்ன வருது?" என்றது மாசி.

"நான் இல்லாம உன்னைக் குடிச்சுப் பார்க்கச் சொல்லு. வெறும் கருவாட்டுத் தண்ணி."

"சரி, பந்தயம். நான் இல்லாத ஒரு நாள் வரட்டும். அன்னைக்கு யாராவது உன் பேரைச் சொன்னா நான் வாயை மூடிக்கிறேன்."

பாசி பானையில் இருந்த தண்ணீரைப் பார்த்தது. "உனக்குத் தெரியுமில்ல? உள்ளே இருக்கிற ருசி யாரோடதுன்னு நீயாவது சொல்லேன்."

"தெரியும். ஆனா புகழறது என்னையில்ல? நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?" என்றது தண்ணீர். வெட்கமே இல்லை அதற்கு.

அந்த நாளும் வந்தது. பத்மநாபன் என்று ஒருவர், பக்கத்துத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர், ஜப்பானிய அதிகாரிகளை அழைத்து வருவார். அவர்கள் சாப்பிடும்போது இவர் சோறும் வெள்ளரிக்காயுமாக உட்கார்ந்திருப்பார். சைவம். அன்று தனியாக வந்து, சமையல் மேடைக்கு எதிரிலேயே உட்கார்ந்தார்.

"மாஸ்டர், மீன் இல்லாம ஒரு சூப் கிடைக்குமா? ஒரு வருஷமா வேடிக்கை பார்த்தே வயிறு காயுது."

"அதுக்கென்ன சார், பண்ணிடலாம்."

மாசி டப்பாவை அவர் தொடவில்லை. பாசி ஊறிய தண்ணீரைச் சூடாக்கினார். பாசி மிதந்து வந்தது, எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டு துண்டு சோயாப் பனீர், கொஞ்சம் உப்பு. கிண்ணம் பத்மநாபன் கைக்குப் போனது.

மேல்தட்டில் இருந்து மாசிகூட எட்டிப் பார்த்தது.

பத்மநாபன் ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மடக்கு.

"என்ன மாஸ்டர் இது! நாக்குலேயே நிக்குதே. இதுல என்னதான் போட்டீங்க?"

பாசி நிமிர்ந்தது.

மாஸ்டர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பானையில் எதுவும் இல்லை, எடுத்துவிட்டாரே! சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணுமே போடல சார். வெறும் தண்ணிதான்."

"அப்போ எல்லாம் உங்க கைமணம்!"

மாசி இப்போது கேலி செய்திருக்கலாம். "கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டது. ஓரமாக வைத்த துண்டை மாஸ்டர் எடுத்து, இன்னும் கொஞ்சம் ருசி இறங்கும் என்று, சோயாச் சாற்றில் போட்டு வேகவைத்தார்.

மறுநாள் பத்மநாபன் நாலு பேரோடு வந்தார். "வெறும் தண்ணியில சூப் பண்றார்ப்பா, மனுஷன் கையை வாங்கி வச்சுக்கணும்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒருமுறை சொன்ன சொல்லை நாலு பேர் திருப்பிச் சொன்னால் சொன்னவரே நம்பிவிடுவார். அன்றும் மாசி டப்பாவைத் தொடாமல், அடுப்பில் பானை இருக்க, அவர் மேடையில் சாய்ந்துகொண்டு தன் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பானைக்குள் தண்ணீர் சூடேறியது. "நேரமாச்சு, கிளம்பு. நீ மேலே போனாத்தான் அவருக்கு ஞாபகம் வரும்" என்றது.

"நீயே ஞாபகப்படுத்து."

"கோபமா?"

"கோபமெல்லாம் முன்னாடி. இப்போ அசதியா இருக்கு. தினமும் சரியான நேரத்துக்கு எழுந்து, என்னை நானே வெளியே அனுப்பிக்கிறது இருக்கு பார்... இன்னைக்கு முடியல."

பாசி அடியிலேயே படுத்திருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாசி வழுவழுத்தது, பிறகு கசந்தது. யாரையும் பழிவாங்க அல்ல. அவ்வளவு நேரம் கொதித்தால் எந்தப் பாசியும் கசக்கும்.

ஐந்து கிண்ணங்கள் போயின. ஐந்து முகங்கள் சுளித்தன.

"என்னங்க இது, வழவழன்னு!" என்றார் ஒருவர்.

"கசக்குது மாஸ்டர். இதுல என்ன போட்டீங்க?" என்றார் பத்மநாபன்.

நேற்றும் இதே கேள்வியைத்தான் கேட்டார்.

மாஸ்டர் இடுக்கியைப் பானைக்குள் விட்டார். சொட்டச் சொட்டப் பாசியைத் தூக்கி, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பாசி சார்! இந்தக் கடற்பாசிதான்! எல்லாம் இதால வந்த வினை."

கடைசி மேசைவரை கேட்டது.

மேல்தட்டில் இருந்து மாசி மெல்லச் சொன்னது:

"பேரைச் சொல்லிட்டாங்க. பந்தயத்துல நீதான் ஜெயிச்ச."