கிளுவைக்கு நடுவே மருதாணி

சொரிமுத்துவுக்குச் சலித்துப்போய்விட்டது. மனுசன் எவ்வளவுதான் தாங்குவார்? மகன் குடித்துவிட்டு லாரி ஓட்டி, ரோட்டில் போன ஒருவரை அடித்துக் கொன்று ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து ஊர் அவரைப் பார்க்கிற பார்வையே வேறு. தப்பித்தால் போதுமென்று, தன்னைவிட வயதில் இளையவரான குழல்வாய்மொழி அம்மையின் மடத்தில் சீடராகச் சேர்ந்தார். மடமோ சாலையோரம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, “அந்தா உக்காந்திருக்கான் பாரு, அந்த லாரிக்காரன் அப்பன்” என்றார்கள்.

“அம்மா, வேலி வைக்கட்டுமா? இல்லேன்னா நான் கிளம்புதேன்.”

“வையுங்க.”

கிளுவை சீக்கிரம் துளிர்க்குமே என்று, சுற்றிலும் கிளுவைக் கம்பாகவே வெட்டி நட்டார். மழைக்குப் பச்சென்று மறைத்தது. கோடை வந்ததும் மொத்த இலையையும் கொட்டிவிட்டுக் குச்சியாய் நின்றது. மறுபடியும் அத்தனை கண்ணும் உள்ளே.

சொரிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “இனிமே எனக்கு ஓட இடமில்லம்மா.”

முதல் மழை விழுந்ததும் அம்மை மண்வெட்டியோடு இறங்கினார். கிளுவைக்கு இடையிடையே நொச்சி, ஆடாதோடை, ஆவாரை, செம்பருத்தி, மருதாணி என்று கலந்து நட்டார். சொரிமுத்து முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் சுமந்தார்.

வேலி வளர்ந்தது. ஒன்று இலை உதிர்த்தால் இன்னொன்று தழைத்தது. ஆவாரையின் மஞ்சள் ஓய்ந்தால் நொச்சி நீலமாய்ப் பூத்தது. சாலை அடியோடு மறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தார், பாவம்! இருமலுக்கு ஆடாதோடை இலை கேட்டு ஒருவர் வந்தார். பூசைக்குச் செம்பருத்தி கேட்டு ஒருத்தி வந்தாள். கல்யாண வீட்டிலிருந்து மருதாணிக்கு ஒரு கூட்டமே வந்தது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “யாரும் வேண்டாம்னுதானேம்மா வேலி கேட்டேன்? இப்ப எல்லாரையும் வாசல்லயே கொண்டாந்து விட்டுட்டீங்களே! என்னால முடியல.”

“காலையில மருதாணிக்கு வந்த பொண்ணுக என்ன கேட்டாங்க?”

“எந்தச் செடி நல்லாச் சிவக்கும்னு கேட்டாங்க.”

“நீங்க?”

“கொழுந்தாப் பறிங்க, கொட்டைப்பாக்கு வச்சு அரைங்கன்னு சொன்னேன்.”

“அந்த இருமல்காரர்?”

“கஷாயம் எப்படிப் போடணும்னாரு. அதையும் சொன்னேன். ஏன் கேக்கீங்க?”

அம்மை கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“உங்க மகனைப் பத்தி யார் கேட்டாங்க?”