குடை சாயாத மனை

முன்னொரு காலத்தில், ஆம்பலாறு பாயும் வளநாட்டைச் செம்பியவேள் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன், ஆனால் நொடிக்கொரு நினைப்பு. அவனுடைய கருவூலத்தைக் காக்கும் பண்டாரத் தலைவர் தத்தனார், அமைச்சர் இளங்காரி. அரசன் அமைச்சரைப் பார்த்துச் சிரித்தால், தத்தனாருக்கு அன்று சோறு இறங்காது.

தத்தனார் தெற்கு வீதியில் மாளிகை எழுப்பினார். மனையின் எல்லைகளைச் சுவர்கள் முட்டி நின்றன; ஒரு துளசிச் செடிக்கும் மண் மிஞ்சவில்லை. குடியேறியதும், கிழக்கு வீதியில் பாட்டனார் விட்டுச்சென்ற பழைய வீட்டை விற்றார். பரந்த மனை, அதன் கோடியில் சிமிழ் போல ஒரு சிறு வீடு. அதை வாங்கியவர் இளங்காரி.

மறுநாள் அவையில் தத்தனார் தொடங்கினார்: "மன்னா, அமைச்சர் வாங்கிய வீட்டைக் கண்டீர்களா? கால் நீட்டிப் படுத்தால் பாதம் வாசலுக்கு வெளியே கிடக்கும்! எங்கள் பாட்டனார் மகா கஞ்சர். இத்தனை மண்ணை வைத்துக்கொண்டு புறாக்கூடு கட்டினார். யார் தலையில் கட்டுவதென்று நானும் காத்திருந்தேன்!"

அவை குலுங்கிச் சிரித்தது. அரசனும் சிரித்தான். "என்ன அமைச்சரே, ஏமாந்தீரா?"

"இல்லை அரசே. என் வீடு தத்தனார் மாளிகையைவிடப் பெரியது."

"அப்படியா! நாளை நம் ஊர்த்தெய்வம் பூங்குழல் அம்மையின் பல்லக்கு உலா. எவர் வீடு பெரிதோ அங்கே அம்மை இறங்கட்டும். தோற்றவர் பதவியை விட்டுப் போகட்டும். எதைக் கொண்டு அளப்பது?"

"அம்மையோடு வரும் ஒருவரையும் வெளியே நிறுத்தக்கூடாது. அம்மைக்கு மேலே பிடித்துவரும் குடை சாயக்கூடாது. அவ்வளவே."

"கூடத்துக்குள் கூடம் கட்டியவனிடமா இந்த அளவு? சம்மதம்!" என்றார் தத்தனார்.

உலா முதலில் மாளிகைக்கு வந்தது; அரசனும் அமைச்சரும் உடன் வந்தார்கள். பூரணகும்பத்தோடு நின்றிருந்தார் தத்தனார். உயர்ந்த குடை, சிற்பம் செதுக்கிய வாசல் நிலையில் முட்டியது.

"சற்றே சாய்த்துக்கொள்ளப்பா," என்று கிசுகிசுத்தார்.

"சாய்க்கிறதா? உம்ம வாசல் குட்டையென்று அம்மை வெயிலில் காய்வதா, ஐயா?" என்றான் குடைக்காரன்.

முன்னால் நுழைந்தவர்கள் குறுகிய இடைகழியில் நெருக்குண்டு விழித்தார்கள். மேளக்காரர்கள் வெளியிலேயே நின்றார்கள். "அம்மையைத் தெருவில் நிறுத்திவிட்டாரே!" என்று ஒருத்தி விம்மினாள். பல்லக்குத் திரும்பியது.

கிழக்கு வீதியில் வேலிப் படலைத் திறந்தவுடன் குடை நிமிர்ந்தபடியே சென்றது. அடியார் கூட்டம் முழுவதும் மரநிழலில் அமர்ந்தது. வீட்டெதிரே கிடந்த கருங்கல் மேடையில் பல்லக்கை இறக்கினார்கள். அதன் கால்கள் கல்லிலிருந்த குழிகளில் கச்சிதமாகப் பொருந்தின.

தத்தனாருக்கு உடல் கூசியது. சிறுவயதில் ஏறிக் குதித்த கல் அது. குழிகளில் மழைநீர் தேங்கும், குருவிகள் குடிக்கும். அவை எதற்கென்று அவர் கேட்டதேயில்லை.

"வாங்குமுன் மனையைச் சுற்றிப் பார்த்தேன்," என்றார் இளங்காரி மெல்ல. "இந்தக் கல்லைக் கண்டதும் விளங்கிற்று. முன்பு உலா இவ்வழி வந்திருக்கிறது. உங்கள் பாட்டனார் கஞ்சர் அல்லர், தத்தனாரே. தமக்கு ஒதுங்க ஒரு மூலை எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அம்மைக்கு விட்டவர்."

அந்தப் பெரியவரை அல்லவா அவை நடுவே சிரிப்புக்கு ஆளாக்கினோம்! தத்தனார் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அரசன்முன் நீட்டினார். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவரால் முடியவில்லை.

"நானும் சிரித்தேனே," என்றான் அரசன் தாழ்ந்த குரலில். தன் முத்துமாலையை அமைச்சருக்கு அணிவித்தான். "இம்மனையில் இனி எவரும் சுவர் எழுப்பலாகாது. இவரை என்ன செய்யலாம், அமைச்சரே?"

"பதவி இருக்கட்டும் அரசே. மண்ணைத்தான் நான் வாங்கினேன். அம்மையை எதிர்கொள்ளும் உரிமை அவர் குடிக்குரியது. அதை நான் வாங்கவில்லை."

"அப்படியானால் ஆண்டுதோறும் இங்கே வருவோர்க்கெல்லாம் தத்தனாரே மோர் வார்க்கட்டும்!"

அடியார்களுக்கென இளங்காரி வைத்திருந்த மோர்ப்பானையருகே சென்று தத்தனார் அகப்பையை எடுத்தார். முதலில் வந்து கையேந்தியவன் குடைக்காரன்.

"இன்னும் கொஞ்சம் குனிந்து ஊற்றுங்கள், ஐயா. சிந்துகிறது."

தத்தனார் குனிந்தார். மோரில் விழுந்த கண்ணீரை அம்மை மட்டுமே கண்டாள்.